எஸ்தருக்காகக் கேட்ட சீட்டு

இதைப் படிக்கிற சகோதரிகளுக்கும், படிக்கத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற சகோதரிகளுக்கும் மார்த்தாள் எழுதுகிறேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்டதை அப்படியே கொடுத்தார். அதற்காக ஏழு வருஷம் அவர்மேல் கோபமாக இருந்தேன். சாட்சி சொல்ல வருகிறவள் இப்படித் தொடங்கக் கூடாது என்று எங்கள் சபையில் ஆராதனை நடத்துகிற உபதேசியார் சொல்வார். நடந்தது இதுதானே, நான் வேறெப்படித் தொடங்குவது?

சீமையில் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆடி மாதம் எங்கள் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். எனக்கு அப்போது பதினேழு வயது. எட்டு வயதில் பதுளை மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், ஒன்பது வருஷம் அங்கேயே இருந்து படிப்பை முடித்திருந்தேன். தங்கச்சி எஸ்தருக்கு எட்டு வயது. அப்பா யாக்கோபு ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டமாக்குகிற வேலை. வீட்டில் சோறு பொங்க ஆளில்லை என்று என்னைக் கூட்டி வந்தார்கள். வந்த மறுவாரமே இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, முதுகில் கூடையை மாட்டி, கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கொழுந்து பறிக்க வரவில்லை. என்னில் பாதி வயதுப் பிள்ளைகள் கூடையை நிரப்பிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். என் கூடையில் அடிதான் மறைந்திருக்கும். மூன்று நாளைக்கு ஒரு நாள் எனக்கு அரைப்பேர்தான் போட்டார்கள், அதாவது பாதி நாள் சம்பளம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் விடுவார்களா?

"ஒம்பது வருஷம் பதுளைல இருந்து என்னதான்டி படிச்ச? ரெண்டு எலையும் ஒரு குருத்தும் கிள்ளத் தெரியலையே!"

என்ன படித்தேன்? எழுத்து, கணக்கு, இங்கிலீஷ், உலகப்படம் எல்லாம் காலையில். எனக்கு அதுதான் பிடிக்கும். எந்த ஆறு எந்தக் கடலில் போய் விழுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் போதும், தோட்டத்தில் லீக்ஸ் பாத்தி கொத்தச் சொல்வார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். துணி வெளுக்க வேண்டும், தைக்க வேண்டும், காயத்துக்குக் கட்டுப் போடப் பழக வேண்டும். முற்றத்தில் வரிசையாக நின்று டிரில் செய்ய வேண்டும். தோளைப் பின்னால் இழு, முகத்தைப் பார்த்துப் பேசு, வாயைத் திறந்து பாடு. இதெல்லாம் போதாதென்று சனிக்கிழமை தோறும் அறுபது பிள்ளைகளுக்குப் பாண் மாவு பிசைந்து, புளிக்க வைத்து, போறணை அடுப்பில் சுடுகிற முறை. கை மூட்டு கழன்றுவிடும்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தை நடத்துகிற வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடமே கேட்டுவிட்டேன், படிக்க வந்த எங்களை ஏன் வேலைக்காரிகள் ஆக்குகிறீர்கள் என்று. அவர்கள் சிரித்தார்கள்.

"தலை மட்டும் படிச்சால் கையும் காலும் என்ன செய்யும் மார்த்தாள்?"

"தோட்டத்துல கையும் காலும் ஏற்கெனவே நெறைய வேலை செஞ்சுகிட்டுத்தான் இருக்குங்க மிஸ்ஸி" என்றேன். அந்த வாய்க்கு இன்னொரு சனிக்கிழமை சேர்த்துப் பாண் பிசைந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவிடம் முறையிட்டது இந்தப் பாண் கதையைத்தான். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

சரி, கதைக்கு வருகிறேன். ஐப்பசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. தை மாதம் பள்ளி திறக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உதவி டீச்சராக நான் வரலாம். கூடவே எஸ்தரையும் கூட்டி வரலாம், அவளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம். அப்பா தன் தங்கச்சியை எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், வந்து இருக்கச் சொல்லிவிட்டார், சமையலுக்கு ஆள் ஆகிவிட்டது. நான் அந்தக் கடிதத்தைத் தாவணியில் முடிந்து வைத்து, மலையில் நிற்கும்போது கூட எடுத்து எடுத்துப் படித்தேன். இன்னும் இரண்டு காரியம்தான் பாக்கி. எஸ்தர் சபைப் பிள்ளை என்று உபதேசியார் ஒரு தாள் எழுதித் தர வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தை விட்டு வெளியே போய்த் தங்குவதற்கு, தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு குஞ்சு குருமான் கூடத் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அங்கேதான் நான் காரியத்தைக் கெடுத்தேன்.

துரை குதிரையில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு சொல்லிக் கொடுத்திருக்கிறது. ரோட்டை விட்டு ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்க வேண்டும். ஆண்கள் தலைப்பாகையை எடுக்க வேண்டும். பெண்கள் கம்பளியைத் தலையிலிருந்து தள்ளிவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குக் கூடையோடு எஸ்தரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், திருப்பத்தில் துரையின் குதிரை வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் கானுக்குள் இறங்கினார்கள். எஸ்தரும் இறங்கினாள். என் கால் மட்டும் நின்றது நின்றபடி நின்றது. தோள் தானாக நிமிர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்து "குட் மார்னிங் சார்" என்றேன். திமிரில்லை சகோதரிகளே, ஒன்பது வருஷப் பழக்கம். நான் நிற்பதைப் பார்த்த எஸ்தர் கானிலிருந்து ஏறி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு அவளும் "குட்மானிங்சார்" என்றாள்.

துரை குதிரையை நிறுத்தி இரண்டு பேரையும் பார்த்தார். குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தக் கூட்டத்துக்கு முன்னால், கணக்கப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டார். "யாக்கோபு, ஒம் மகளுகளுக்குச் சீட்டுக் கெடையாதுன்னு தொரை சொல்லிட்டாரு. வாற வருசம் ஒண்ணாந் தேதியில இருந்து சின்னவ பேரையும் வேலையாளுக செக்ரோல்ல போடணுமாம். கூடை ஒண்ணு பாத்து வச்சுக்க."

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காம்பராவுக்குள் வந்து கத்தியைச் சுவரில் சாத்திவிட்டு, "ஒரு நிமிசம் குனிஞ்சிருந்தா ஒடைஞ்சா போயிருப்ப? நிமிந்து நிக்கத்தான் அங்க சோறு போட்டு வளத்தாங்களா?" என்றார். எஸ்தர் மூலையில் உட்கார்ந்து, "அக்கா, அப்ப நான் போகலியா?" என்று கேட்டாள். நான் சீப்பை எடுத்து அவள் தலையை வாரத் தொடங்கினேன்.

மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு விடியற்காலையில் குடம் எடுத்துப் போவேன். அங்கே நின்றுதான் ஜெபம் பண்ணினேன். என் முதல் ஜெபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் குதிரை தடுக்கி விழ வேண்டும் என்று கேட்டேன். ஒரு வாரம் கேட்டேன். குதிரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு அலுத்துப்போய், "ஆண்டவரே, வேறொன்றும் வேண்டாம், எஸ்தர் மட்டும் போகட்டும்" என்று கேட்கத் தொடங்கினேன். குடம் நிரம்புகிற வரைக்கும் அதையே சொல்வேன். குடம்தான் நிரம்பியது.

கணக்கப்பிள்ளை ஒரு வழி சொன்னார். "ஆபீஸ் வாசல்ல போய் நின்னு, தொரை வெளிய வந்தா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு. மனசு எளகும்." இரண்டு நாள் என் மனதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில், எஸ்தருக்காக விழுகிறேன் என்று முடிவு பண்ணி, வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கார்த்திகை மழை கொட்டுகிறது. சாயங்காலம் வரை நின்றேன். மறுநாளும் நின்றேன். துரை பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. காலில் விழுவதற்கும் கால் வேண்டுமே! அவ்வளவு மானத்தை விட்டு நின்றும் பிரயோசனமில்லை. இரண்டு நாள் சம்பளமும் போய், சளியும் பிடித்தது. ஆண்டவரே, நிமிர்ந்து நின்றாலும் குற்றம், குனியப் போனாலும் ஆளைக் காணோம், நான் என்னதான் செய்ய வேண்டும் என்று பீலியில் சத்தம் போட்டே கேட்டேன். பின்னால் தண்ணீருக்கு நின்றவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது மழையில் அப்புத்தளை ரோட்டில் மண் சரிந்தது. துரையின் பங்களாவுக்கு அப்புத்தளையிலிருந்துதான் பாண் வரும். அது நின்றுபோனது. அதே வாரம் பங்களாவில் சமைக்கிற கோக்கி கொதிக்கிற நெய்யைக் கையில் கொட்டிக்கொண்டார். துரைசாணியின் சொந்தக்காரர்கள் வேறு பங்களாவில் வந்து தங்கியிருந்தார்கள். பெரட்டில் கணக்கப்பிள்ளை சத்தமாகக் கேட்டார்.

"பாண் சுடத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரொட்டி தட்டுகிறவர்களைக் கேட்டால் ஆயிரம் பேர் வருவார்கள், பாணுக்கு எங்கே போவது? அப்போது என் அப்பா கையைத் தூக்கினார்.

"எம் பெரிய மகளுக்குத் தெரியும்ங்க. அறுவது பேருக்குச் சுடுவா."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. உலகப்படம் தெரியும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இங்கிலீஷ் தெரியும் என்று சொன்னதில்லை. வருஷம் வருஷமாக நான் அழுது சொன்ன கதையை மட்டும் பத்திரமாக வைத்திருந்து ஊர் முன்னால் சொல்கிறார். "சீட்டுத் தராத வீட்டுக்கு நான் பாண் சுடணுமா?" என்றேன். அப்பா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஆபீஸ்லதான் பின்வாசல் வழியாப் போறாரு. அவரு வீட்டு அடுப்படிக்கு நீ போனா எங்க போவாரு?"

போனேன். மாவு இருந்தது, போறணை இருந்தது. மாவைப் புளிக்க வைக்க ஒன்றும் இல்லை. தகரத்தில் இருந்த ஈஸ்டு ஈரத்தில் கெட்டுக் கட்டியாகிக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எதில் புளிக்க வைத்தோம் தெரியுமா? கித்துள் மரத்துக் கள்ளில். கள் சாராயம் தொடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு நீல நாடா குத்திக்கொண்ட அறுபது பிள்ளைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கள்ளை மாவில் ஊற்றிப் பிசைவோம். ஆகவே ஒரு மண் முட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குக் கீழே சிங்கள ஊருக்கு இறங்கினேன். கித்துள் சீவுகிற பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றிக் கொடுத்தார்.

ஏறி வருகிறேன், பாதி வழியில் எதிரே யார்? உபதேசியார். வாசனை அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

"மார்த்தாள், இது என்னம்மா?"

"கள்ளுங்க ஐயா."

"யாருக்கு?"

"பாணுக்குங்க."

"பாண் கள்ளுக் குடிக்குமா? பொய் வேற சொல்றியா? தாயில்லாத புள்ளைன்னு எரக்கப்பட்டா இப்படியா? ஒந் தங்கச்சிக்கு நான் எந்த மொகத்தோட தாள் எழுதிக் கொடுக்கிறது?"

ரோட்டிலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. துரையின் சீட்டுக்காகப் போனால் உபதேசியாரின் தாளும் போகிறது. ஆனால் அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. "ஐயா, போன ஞாயித்துக்கெழம திருவிருந்துக்கு எடுத்து வச்சீங்களே, அப்புத்தளைப் பாணு, அது எதுல புளிச்சதுன்னு அந்தப் பேக்கரிக்காரர்கிட்டக் கேட்டுட்டு வந்து என்னத் திட்டுங்க" என்றேன்.

உபதேசியார் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. ஆனால் நம்பவில்லை. என்கூடவே பங்களா அடுப்படி வரை வந்து, முட்டியில் இருந்ததை நான் மாவில் ஊற்றுகிறேனா என்று பார்க்க முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் பாண் கல்லாக வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது, குளிர்ந்த நாட்களில் பிசைந்த மாவைக் கம்பளியில் சுற்றி அடுப்பு ஓரத்தில் வைக்க வேண்டும். எத்தனை சனிக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலை, அதைப் போய் மறந்திருக்கிறேன். என் கம்பளியைத் தலையிலிருந்து எடுத்து மாவுச் சட்டியைச் சுற்றினேன். நீளமாக ஜெபம் பண்ண எனக்குத் தைரியமில்லை. எஸ்தர், எஸ்தர் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாவு எழும்பியது. பொன்னிறமாகப் பாண் வந்தது. உபதேசியார் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, தாளை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை துரைசாணி அடுப்படிக்கு வந்தார்கள். யார் செய்தது, எங்கே கற்றாய் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். நானும் நிமிர்ந்து நின்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். அவர்கள் ஆச்சரியப்பட்டு, உனக்கு என்ன வேண்டும் என்றார்கள். இத்தனை வாரம் பீலியில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, யோசிக்காமல் சொல்லிவிட்டது: என் தங்கச்சி பள்ளிக்கூடம் போக ஒரு சீட்டு வேண்டும்.

சத்தம் கேட்டுத் துரையே வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"நீ ரோட்டுல நின்ன பொண்ணுதானே?"

"ஆமாங்க."

மேசைமேல் இருந்த பாணில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "சின்னது போகலாம். நீ இங்க நில்லு. பாண் போடு" என்றார். அந்த இடத்திலேயே சீட்டு எழுதினார். ஒரே ஒரு சீட்டு.

இதுதான் சகோதரிகளே, எனக்குக் கிடைத்த பதில். எஸ்தர் போகட்டும் என்று கேட்டேன், எஸ்தர் போனாள். என்னையும் அனுப்பும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வேறொன்றும் வேண்டாம் என்று நானே சொன்னேன். ஆண்டவர் அதைக் கூட நினைவில் வைத்துக்கொள்வார் என்று யார் கண்டது? டீச்சர் வேலை வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டேன். எழுதும்போது பேனா முள் தாளைக் கிழித்தது.

தை பிறந்து அப்பாதான் எஸ்தரைக் கூட்டிப் போனார். அப்புத்தளை வரை நடை, பண்டாரவளை வரை ரயில், அங்கிருந்து மறுபடி நடை. நான் வழியனுப்பக் கூடப் போகவில்லை. பங்களாவில் பாண் நேரம். மூன்றாம் நாள் திரும்பி வந்த அப்பா, கால் கழுவிக்கொண்டே, "அவ நிமிந்துதாம்மா உள்ள போனா" என்றார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஏழு வருஷம் அந்த அடுப்படியில் இருந்தேன். மாவு பிசைந்துகொண்டே ஆறுகளின் பெயரைச் சொல்வேன், மறந்துவிடக் கூடாதென்று. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது நானும் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று கேட்டு வந்தவர்களுக்கும் பாண்தான் கொடுத்து அனுப்பினேன்.

போன சித்திரை விடுமுறைக்கு எஸ்தர் வந்திருந்தாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. சின்னப் பிள்ளைகளுக்கு உலகப்படம் சொல்லிக் கொடுக்க அவளைப் போட்டிருக்கிறார்களாம். சந்தோஷமாகச் சொன்னாள். நான் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அது என் இடம் ஆண்டவரே, நான் நிற்க வேண்டிய இடம் என்று சொன்னேன். ஏழு வருஷமாக அடக்கி வைத்த அவ்வளவையும் கொட்டினேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அழுது முடித்தபோது ஒன்று புரிந்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்ததில் உலகப்படம்தான் படிப்பு, மற்றதெல்லாம் கூலி வேலை என்று நானாகப் பிரித்து வைத்திருந்தேன். நான் கழித்துப் போட்டதையே எடுத்து ஆண்டவர் என் தங்கச்சிக்கு வழி செய்திருக்கிறார். மாவு பிசைகிற கையை அவர் கேவலமாக நினைக்கவில்லை. நான்தான் நினைத்தேன். அந்த வெட்கத்தில் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும், நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது பழைய துரை சீமைக்குப் போய்விட்டார், புதுத் துரை வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடி கடிதம் வந்தது. என்னைக் கூப்பிடுகிறார்கள். எதற்கு? போர்டிங் சமையலையும் தோட்டத்தையும் துணி வெளுப்பையும் பார்த்துக்கொண்டு பிள்ளைகளைப் பழக்குவதற்கு. உலகப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தை விறகு மேல் வீசினேன். மறுநாள் காலையில் தேடி எடுத்து, வருகிறேன் என்று எழுதிப் போட்டேன்.

பிள்ளையை அனுப்பினால் என்ன கிடைக்கும் என்று தாய்மார் என்னைக் கேட்கிறார்கள். பொய் சொல்லமாட்டேன். உத்தியோகம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கொழுந்து பறிக்க லாயக்கில்லாமல் திரும்பி வருவாள். உங்களுக்கு வம்பு இழுத்து வைப்பாள். ஆனால் எழுதுவாள், பாடுவாள், காயத்துக்குக் கட்டுப் போடுவாள், ஒரு கூட்டத்துக்கே சமைப்பாள், யார் முன்னாலும் நின்று பேசுவாள். இதில் எது எந்த நாளில் உதவும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். என்னை நம்ப வேண்டாம், அவரை நம்பி அனுப்புங்கள். ஒன்றே ஒன்று, ஜெபம் பண்ணும்போது அரைகுறையாகக் கேட்காதீர்கள்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை ஹல்துமுல்லைக் கடைத்தெருவிலிருந்து மாட்டு வண்டியில் புறப்படுகிறேன். என் சாமான் போக வண்டியில் மூன்று பிள்ளைகளுக்கு இடமிருக்கிறது. இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். போன ஞாயிறு கோயில் வாசலில், "எம் மகளுக்கு நல்ல பாவாடை கூட இல்லியே அக்கா, எப்படி அனுப்புறது?" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்லுமுன்னே போய்விட்டாயே தங்கச்சி. உனக்குத்தான் இதை எழுதுகிறேன். இருக்கிற பாவாடையோடு அனுப்பு. அவள் சீட்டுக்கும் நேற்றே புதுத் துரையிடம் சொல்லிவிட்டேன்.